நூற்று ஆறாவது கோயில்

சேஷகிரி தன் வேஷ்டியைத் தானே துவைத்து, தானே பிழிந்து, தானே உலர்த்துவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெங்களூர் தொம்மலூர் பி.டி.ஏ. குடியிருப்பின் இரண்டாம் மாடியில், சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன பால்கனியில், கூரையை ஒட்டி ஒரு மூங்கில் கழி கட்டியிருந்தது. ஈர வேஷ்டியை ஒரு நீளக் கொம்பின் நுனியில் மாட்டி, அண்ணாந்து, அந்தக் கழியின்மேல் போட்டுப் பரத்திவிட வேண்டும். யார் கையும் படாத உயரத்தில் காய்ந்தால்தான் அது மடி. மறுநாள் பூஜைக்கு உடுத்த லாயக்கு.

அன்றைக்குக் காலையில் அவர் மனைவி பாகீரதி அடுப்பில் புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பால்கனியில் கொம்பு கழியில் இடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு தரம் இடித்தது. அப்புறம் சத்தமில்லை. அப்புறம், வாயால் காற்றை அள்ளி அள்ளிக் குடிக்கிற மாதிரி மூச்சு. கடைசியில் ஈரத்துணி தரையில் பொத்தென்று விழுந்தது.

"ஏன்னா?"

"ஒண்ணுமில்லை. கொம்பு வழுக்கிடுத்து."

கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேர்வை. வேஷ்டி பாதி வாளியிலும் பாதி தரையிலும் கிடந்தது. அவள் குனிந்தாள்.

"தொட்டுடாதே" என்றார். "தொட்டா மறுபடியும் துவைக்கணும்."

பாகீரதி கையை இழுத்துக்கொண்டாள். அவர் எழுந்து நிற்கும்வரை நின்றாள். இரண்டாம் தடவை அவர் வேஷ்டியைக் கழியில் ஏற்றிவிட்டுத் திரும்பி, "பாத்தியா?" என்கிற மாதிரிச் சிரித்தார். புளிக்காய்ச்சல் அடிப்பிடித்திருந்தது.

மூச்சு விஷயத்தில் பாகீரதியை ஏமாற்ற முடியாது. கோலார் தங்கவயலில் சுரங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மூன்றாவது பெண் அவள். கல்யாணமாகி பெங்களூர் வந்த மறுவருஷமே டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. எஸ்.டி.டி. வந்து அந்த வேலை தேய்ந்துபோகும்வரை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு ஊர்க்காரரை இன்னொரு ஊர்க்காரரோடு சேர்த்துவைத்தே காலம் தள்ளினாள். பேசத் தொடங்குவதற்கு முன்னால் மனிதர்கள் விடுகிற மூச்சிலேயே அது நிச்சயதார்த்தச் செய்தியா, ஆஸ்பத்திரிச் செய்தியா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சாவுச் செய்தி என்றால் வரிசையில் காத்திருக்கிறவர்களை ஒதுக்கிவிட்டு அதை முதலில் போடுவாள். சூபர்வைசர் முறைத்தாலும் கவலைப்படமாட்டாள். வீட்டில் சமையல், எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்துப் புனாவில் கட்டிக்கொடுத்தது, நடுநடுவே புருஷனோடு கோயில் கோயிலாகப் போனது. அவள் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான் சொல்லுவாள்.

கோயில்தான் விஷயம். வைஷ்ணவர்களுக்கு நூற்றெட்டு திவ்யதேசம். அதில் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போக முடியாத இடம். மீதி நூற்றாறு பூமியில் இருக்கிறது. பொதுப்பணித்துறை வேலையில் லீவு சேர்த்துச் சேர்த்து, சேஷகிரி பாகீரதியையும் கூட்டிக்கொண்டு நூற்றைந்தைச் சேவித்துவிட்டார். மிச்சம் ஒன்று. நேபாளத்தில், இமயமலையின் அந்தப்பக்கம், மரம்கூட முளைக்காத உயரத்தில் இருக்கிற முக்திநாத்.

"நூத்தாறும் முடிச்சுட்டா அப்புறம் என்ன மாமி இருக்கு?" என்று கீழ்வீட்டு பாமா ஒருநாள் படியில் நின்று கேட்டாள். "எங்க மாமனார் வேணும்னே ஒண்ணை விட்டுவச்சிருந்தார். எல்லாத்தையும் முடிச்சா, அடுத்ததைப் பெருமாளே வந்து காட்டிடுவாராம்."

பாகீரதி சிரித்துக்கொண்டே மேலே ஏறினாள். ஆனால் அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை.

ஏனென்றால் சேஷகிரிக்கு இரண்டு மாடி ஏறவே முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, யாரோ வைத்த குரோட்டன்ஸ் செடியைப் பார்ப்பதுபோலப் பாவனை பண்ணுவார். டாக்டர் கிருஷ்ணப்பா ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், "பேடா ஸ்வாமி" என்றார். வேண்டாம். "மனே மெட்டிலே ஹத்தக்காகல்லா, ஹிமாலயா ஹத்தீரா?" வீட்டுப் படியே ஏற முடியவில்லை, இமயமலை ஏறுவீர்களா?

"படி ஏறினா வீடுதானே வரது டாக்டரே? அதான் கால் வரமாட்டேங்கறது" என்று சேஷகிரி சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நாக்குக்கடியில் வைத்துக்கொள்ள மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, பாகீரதியை மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தினார். இந்த வருஷம் போவதே ஆபத்து, அடுத்த வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம் என்று சொன்னார். இதயம் வீங்கிக்கொண்டே வருகிறதாம்.

டாக்டர் சொன்னதில் முதல் பாதியைக் கேட்டால் வீட்டில் உட்கார வேண்டும். இரண்டாம் பாதியைக் கேட்டால் உடனே கிளம்ப வேண்டும். இவரைக் கட்டிப்போட முடியாது என்பது பாகீரதிக்குத் தெரியும். அடுத்த வருஷம் இன்னும் தளர்ந்த உடம்போடு, யார் தடுத்தாலும் போவார். போனால் திரும்பமாட்டார். போகிறதானால் மூச்சு மிச்சமிருக்கும்போதே போய்விட்டு வந்து, அதற்கப்புறம் வீட்டில் பேசாமல் உட்காரட்டும். இப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற யாத்திரை வரதனிடம் அவளே போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நூத்தாறை நான் காட்டிடறேன் மாமா" என்றான் வரதன். ஒல்லியான ஆள், வாய் மட்டும் பெரிசு. "மீதி ரெண்டுக்கு என்கிட்ட டிக்கெட் கிடையாது. அதுக்கு வேற ஏஜென்ட்."

இன்னொரு கவலையும் இருந்தது. சேஷகிரியின் பெரியப்பா பிள்ளை ரங்கண்ணா, பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் பக்கவாதம் வந்து மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். தாயாதி, ஒரே வம்சத்துப் பங்காளி. அவருக்கு ஏதாவது ஆனால் சேஷகிரிக்கும் பாகீரதிக்கும் பத்து நாள் தீட்டு. தீட்டோடு கோயில் வாசப்படி மிதிக்கக்கூடாது, மடியாக இருக்கிறவரைத் தொடக்கூடாது, யாத்திரை கிளம்பக்கூடாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ஒரு மாசம் தாக்குப்பிடிடா ரங்கண்ணா" என்று சேஷகிரி அவர் காதருகே குனிந்து சொன்னார். "அப்புறம் உன் இஷ்டம்."

ரங்கண்ணாவின் வாய் ஒருபக்கமாகக் கோணிச் சிரித்தது. பாகீரதி மட்டும் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நிறைய இடைவெளி இருந்தது.

ரயிலுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது. சேஷகிரி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். எடுத்தவுடன் எதிர்ப்பக்கத்து மூச்சைக் கேட்டதுமே பாகீரதிக்குத் தெரிந்துவிட்டது.

"சித்தி, நான் வீணா. அப்பா போயிட்டார் சித்தி. நாலு மணிக்கு." ரங்கண்ணாவின் பெண். "தம்பி கிரண் மெட்ராஸ்லேந்து வந்துண்டிருக்கான். நாளைக்குக் காலம்பற எடுக்கறா. சித்தப்பாகிட்ட சொல்லிடுங்கோ."

"சொல்லிடறேன்மா" என்றாள் பாகீரதி.

ரிசீவரை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றாள். வீட்டில் சத்தமே இல்லை. கூடத்து மூலையில் கட்டிவைத்த படுக்கை, பை, தெர்மாஸ், புளிக்காய்ச்சல் டப்பா. எல்லாம் போன் அடிப்பதற்கு முன்னால் செய்தவை. அதில் தோஷமில்லை என்பதுதான் முதலில் அவள் மனசில் ஓடியது. அடுத்து, வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கிற வாத்தியார் ஒருதடவை சொன்னது: தாயாதி செத்தது காதில் விழுந்தால்தான் தீட்டு. கேட்காதவனுக்கு இல்லை. சேஷகிரி கேட்கவில்லை. கேட்டவள் அவள் மட்டும்தான்.

முப்பது வருஷத்தில் ஒரு சாவுச் செய்தியைக்கூட அவள் தாமதப்படுத்தியதில்லை.

பாகீரதி குளியலறைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். முடி சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது சேஷகிரி படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"விளக்கு வைக்கிற நேரத்துல என்ன தலைக்கு ஸ்நானம்?"

"எண்ணெய் கிண்ணத்தைக் கவுத்துண்டுட்டேன்."

"யாராவது போன் பண்ணாளா?"

"வரதன்தான். ஆறு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துடணுமாம்."

அன்று ராத்திரி அவள் சமைக்கவில்லை. கைவலி என்று சொல்லிவிட்டு, ஹோட்டலே வேண்டாம் என்கிற மனுஷனைப் பாலும் பழமும் சாப்பிட வைத்தாள். பெருமாளுக்கு விளக்கேற்றச் சொல்லி அவரையே அனுப்பினாள்.

கோரக்பூர் ரயிலில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வரதனின் சமையல்காரன் பண்ணித்தந்த சாதத்தில் சேஷகிரி தானே புளிக்காய்ச்சலை எடுத்துப் பிசைந்துகொண்டார். அவள் டப்பாவைத் தொடவில்லை.

"என்ன, நேத்துலேந்து தள்ளித் தள்ளியே இருக்கே?" என்று கேட்டார். "புதுப்பொண்ணு மாதிரி?"

"ஜலதோஷம். உங்களுக்கு ஒட்டிக்கப் போறது."

"தும்மலையே நீ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஆந்திரத்து வெயில் பாறைகளை வறுத்துக்கொண்டிருந்தது. சந்தாபுராவில் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

பொக்காராவிலிருந்து ஒரு சின்ன விமானம். இரண்டு மலைகளுக்கு நடுவே அது ஆடி ஆடிப் போனபோது வரதன்கூட வாயை மூடிக்கொண்டான். இறங்கிய ஊரில் மலையைத் தவிர ஒன்றுமில்லை. மண் நிறத்து மலை, மேலே வெள்ளையாக ஒரு பல் வரிசை. அங்கே பகல் ஏறிவிட்டால் காற்று எழும்பும் என்று சொன்னார்கள். எழும்பியது. மணலையும் பொடிக்கல்லையும் வாரி முகத்தில் அடித்தது. புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாக நடக்கிற மாதிரி நடந்தார்கள். கண்டகி ஆற்றின் கறுப்புக் கற்களில் குனிந்து குனிந்து சாளக்கிராமம் தேடிய சேஷகிரி, ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குதிரை எடுத்துக்கலாம் மாமா" என்றான் வரதன். "எல்லாரும் எடுத்துக்கறா."

"குதிரை போய் சேவிச்சதா கணக்காகும். நான் நடந்தே வரேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்கோ" என்றாள் பாகீரதி.

"நூத்தஞ்சுக்கும் நடந்தேன். இதுக்கு மட்டும் நாலு காலா?"

வரதன் பாகீரதியைப் பார்த்தான். "மாமி, நீங்க கையைப் பிடிச்சுக்கோங்கோ."

"நீ பிடிச்சுக்கோ வரதா" என்றாள். குரல் கூர்மையாக வந்துவிட்டது. "எனக்கே கால் தடுமாறறது."

வழியில் காக்பேனி என்ற கிராமத்தில் ஒரு நாள் தங்கிவிட்டு மேலே ஏறினார்கள். பாதை ஒரு புல்லும் இல்லாத சரிவில் வளைந்து வளைந்து போனது. வரதன் அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்து நடத்தினான். பாகீரதி இரண்டடி பின்னால் வந்தாள். அவர் எட்டு வைப்பார், நிற்பார், மூச்சை இழுப்பார், மறுபடி எட்டு வைப்பார். அவள் காதில் அந்த மூச்சைத் தவிர வேறொன்றும் விழவில்லை. தூரத்தில் மட்டக்குதிரைகளின் மணி கேட்டது. அது கிட்டே வருகிறதா, விலகிப் போகிறதா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

பாதி ஏற்றத்தில், மேலேயிருந்து நாலு பேர் ஒரு மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கி வந்தார்கள். கூடைக்குள் கம்பளியில் சுற்றிய ஒரு கிழவர். வடக்கத்தி யாத்திரைக்காரர். முகம் திறந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. பின்னால் ஒரு கிழவி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஓடினாள், அவ்வளவுதான்.

"இருக்காரா?" என்று சேஷகிரி கேட்டார்.

"இருக்கார், இருக்கார்" என்றான் வரதன். "கீழே இறக்கினா சரியாயிடும். இங்கே காத்து மெலிசு மாமா, அதான்."

பாகீரதி அந்தக் கிழவியைப் பார்த்தாள். கூடை வளைவில் மறைந்த பிறகும் அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏன்னா, திரும்பிடலாம்" என்றாள். அவளை மீறி வந்த வார்த்தை.

சேஷகிரி வரதன் தோளில் சாய்ந்தபடியே திரும்பிப் பார்த்தார். பேச மூச்சு போதவில்லை. கையை மட்டும் மேலே காட்டினார்.

மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனார்கள். கோயில் சின்னது, நம்மூர் பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையார் கோயிலைவிடக் கொஞ்சம் பெரிசு. அதன் பின்னால் வளைந்த ஒரு சுவரில் வரிசையாக நூற்றெட்டு மாட்டுமுகக் குழாய்கள். பனி உருகிய தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் தலையை நனைத்து, பிறகு கோயிலுக்கு முன்னால் இருக்கிற இரண்டு குளத்திலும் முங்கி, ஈரத்தோடு உள்ளே போய்ச் சேவிக்க வேண்டும். குழாய்களின் உதட்டில் பனிக்கட்டி தொங்கியது.

"தலையில ரெண்டு சொட்டுத் தெளிச்சுண்டா போறும் மாமா" என்றான் வரதன். "வயசானவாளுக்குத் தோஷமில்லை."

சேஷகிரி சட்டையையும் ஸ்வெட்டரையும் கழற்றினார். மார்பெலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. பாகீரதி மாத்திரையை எடுத்து வரதன் கையில் கொடுத்து நீட்டச் சொன்னாள். "சேவிச்சதுக்கப்புறம்" என்றார். "ஸ்நானம் பண்ணாம வாயில ஒண்ணும் போடமாட்டேன்."

அவர் குழாய்களின் கீழே போனார். ஒவ்வொன்றிலும் ஒரு நொடி. முதலில் "நாராயணா, நாராயணா" என்று குரல் கேட்டது. பாதிக்கு மேல் குரல் இல்லை, பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும். தோல் சிவந்து, பிறகு வெளுத்தது. வரதன் உடம்பைத் துடைக்கத் துண்டு எடுக்க ஓடினான். மற்றவர்கள் தங்கள் தங்கள் குளிரில் இருந்தார்கள். பாகீரதி ஈரக்கல்லின் ஓரத்தில் கம்பளிக்குள் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி, கூடவே நடந்தாள். தொடக்கூடாது. இப்போது அவர் முழு மடி. தான் பத்து நாள் தீட்டில் எத்தனாவது நாள் என்று எண்ணிப் பார்த்தாள். முடிந்திருக்கவில்லை.

முதல் குளத்தில் இறங்கி முங்கி எழுந்தார். இரண்டாவதில் இறங்கினார். முங்கினார்.

எழவில்லை.

இடுப்பளவுத் தண்ணீர்தான். அதற்குள் அவர் முதுகு கவிழ்ந்த படகு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. பாகீரதிக்கு அதற்கப்புறம் யோசித்ததாக ஞாபகமில்லை. கம்பளியோடு உள்ளே இறங்கினாள். இரண்டு கையாலும் அவர் தோளைப் பற்றித் தூக்கி, மார்போடு அணைத்துக் கரைக்கு இழுத்தாள். இடுப்புப் பையிலிருந்த இன்னொரு மாத்திரையைத் தன் விரலாலேயே அவர் நாக்குக்கடியில் திணித்தாள். முதுகைத் தேய்த்தாள். காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது ஒரு மூச்சு, கிழிந்த துணியை இழுக்கிற மாதிரி. பிறகு இன்னொன்று.

கண்ணைத் திறந்தவர் முதலில் கோயில் வாசலைத்தான் பார்த்தார். "நடை திறந்திருக்கா?"

வரதனும் இன்னொருவரும் தாங்கிப்பிடிக்க, ஈர வேஷ்டியோடு உள்ளே போனார். மொட்டையடித்த ஒரு பௌத்தப் பெண் துறவி உள்ளே விளக்குக்கு நெய் விட்டுக்கொண்டிருந்தாள். பாகீரதி படியோடு நின்றுவிட்டாள்.

"மாமி, வாங்கோ!" என்று வரதன் கூப்பிட்டான். "இவ்வளவு தூரம் வந்துட்டு!"

"புடவை சொட்டறது. நீங்க போங்கோ."

உள்ளே மணி அடித்தது. கதவுக்கு நேரே நில்லாமல், பெருமாள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றாள். திரும்பி வந்த சேஷகிரியின் முகம் ஊதா நிறத்தில் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு சிரிப்பை அவள் அவரிடம் பார்த்ததில்லை.

"ஆயித்து பாகீ" என்றார். "நூத்தாறு. ஆயித்து."

உள்ளங்கையில் கொண்டுவந்த துளசியை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. மண்டபத்துக் கல்லில் வைக்கச் சொன்னாள்.

வரதன் அவரைக் குதிரையில் உட்காரவைத்துக் கீழே இறக்கினான். இந்தத் தடவை சேஷகிரி மறுக்கவில்லை. சேவித்தாயிற்றே. ரயிலில் பெட்டி முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். புத்த சன்யாசினி கையால் தீர்த்தம் வாங்கினதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஊர்ல அவாதான். பெருமாளுக்கே ஆட்சேபமில்லை, நமக்கென்ன?"

வீட்டுக்கு வந்து சேர்ந்த நாலாம் நாள் வீணா வந்தாள். கையில் எவர்சில்வர் டப்பா, முகத்தில் கோபம். சேஷகிரி நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு தலையணை இல்லாமல் இப்போதெல்லாம் படுக்க முடியவில்லை.

"வாம்மா, வா. அப்பா எப்படி இருக்கான்? முக்திநாத் பிரசாதம் கொண்டுவந்திருக்கேன், வாயில ரெண்டு சொட்டுத் தீர்த்தம் விடணும்."

வீணா அவரைப் பார்த்தாள். பிறகு, சமையலறை வாசலில் வந்து நின்ற பாகீரதியைப் பார்த்தாள்.

"என்ன சித்தப்பா இது? அப்பா போய் மாசம் ஆகப்போறது. பதிமூணாம் நாளுக்குக்கூட வரலையேன்னு கேக்கத்தான் வந்தேன். தாயாதின்னு உங்களை விட்டா யார் இருக்கா எங்களுக்கு? கிரண் வாசலையே பாத்துண்டு நின்னான்."

"போயிட்டானா?" சேஷகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ? எனக்கு யாரும் சொல்லலையே?"

"சித்திகிட்ட சொன்னேனே. அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணேன். சொல்லிடறேன்னாளே."

வீணா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மாசியத்துக்கு, முதல் மாசத் திதிக்கு, என்றைக்கு வர வேண்டும் என்று சொன்னாள். கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் இறங்குகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"என்னிக்கு?" என்று சேஷகிரி கேட்டார்.

"ரயிலுக்கு முதல் நாள்."

"தலைக்குக் குளிச்சியே."

"ஆமாம்."

"தெரிஞ்சேதான் வந்தே."

"உங்களுக்குத் தீட்டில்லை" என்றாள் பாகீரதி. இதைச் சொல்லித்தான் அவள் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். "காதுல விழலைன்னா தீட்டில்லைன்னு வாத்தியாரே சொல்லியிருக்கார். உங்களுக்கு நான் ஒரு வாய் சமைச்சுப் போடலை. ஒரு பாத்திரத்தைத் தொடலை. கோயிலுக்குள்ளேயும் வரலை. பாவம் இருந்தா என்னோட போகட்டும். நீங்க சேவிச்சது சேவிச்சதுதான்."

சேஷகிரி தன் இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்.

"குளத்துல என்னைத் தொட்டே."

"ஏன்னா..."

"மாத்திரையை வாயில வச்சே. அந்த உடம்போடதான் உள்ளே போனேன். மறுபடியும் ஒரு முழுக்குப் போடாம, அப்படியே பெருமாள் முன்னாடி போய் நின்னேன்."

"தொடாம இருந்தா செத்திருப்பேள்!"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆபீஸில் கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரிதான் சொன்னார். "அப்போ நூத்தஞ்சுதான்."

"யார் கேக்கப்போறா? அந்தப் பெருமாளுக்குத் தெரியாதா உங்களை ஏன் பிடிச்சேன்னு?"

அவர் நாற்காலிக் கையைப் பற்றி எழுந்தார். எழுந்தவர் நின்று மூச்சு வாங்கினார். மார்புக்குள் சளி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். மலைக்குப் போவதற்கு முன்னால் அது இல்லை. போன் மேஜைக்கு நடந்து போனார். வரதனின் எண்ணைச் சுழற்றினார்.

"வரதா, சேஷகிரி பேசறேன். நன்னா இருக்கேன். ஐப்பசியில கதவு திறந்திருக்குமோ அங்கே?... பனிக்கு முன்னாடி... நீ வரலைன்னா பரவாயில்லை, யாராவது போறாளான்னு பாரு... ஆமாம், மறுபடியும்தான். சிரிக்காதே."

பாகீரதி கிட்டே வந்து நின்றாள். எதிர்ப்பக்கம் வரதன் சிரிப்பை நிறுத்தியதுகூட அவளுக்குக் கேட்டது. அவன் ஏதோ கேட்டான்.

"இல்லை, ரெண்டு இல்லை" என்றார் சேஷகிரி. "ஒண்ணு போறும்."

ரிசீவரை வைத்துவிட்டு, மேஜை விளிம்பைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார்.

"ஒண்ணா?" என்றாள் பாகீரதி. "என்னை விட்டுட்டு ஒண்டியாவா போகப் போறேள்? ஏன்னா, இங்கே பாருங்கோ. அந்தக் குளத்துல மறுபடி முங்கினா யார் தூக்கறது?"

சேஷகிரி கண்ணைத் திறந்தார். "இந்தத் தரம் யாரும் தொட வேண்டாம்" என்றார். சுவரில் ஒரு கையை ஊன்றி, நின்று நின்று நடந்து, அறையை விட்டு வெளியே போனார்.